நிரல்நிறை

தமிழ் படித்தவருக்குப் புள்ளியியல் மென்பொருளோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இதுநாள்வரை ஏதேனும் வேடிக்கையாகச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தோம். உண்மையான காரணம் ஒரு மாணவி. அவர் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் முதலாவதாக இருந்தது என்பது மட்டுமே இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி.

நாம் கடலூரில் ஒரு கலைக்கல்லூரியில் பணியாற்றுகிறோம். இலக்கிய மாணவர்க்கு எடுக்கும் வகுப்புகளைவிடப் பகுதி 1 தமிழ் வகுப்புகளே நமக்கு மிகுதி. வணிகவியல், இயற்பியல், கணிதம் என எல்லாத் துறைப் பிள்ளைகளும் வந்து அமரும் வகுப்பு அது. பருவத்துக்கு மூன்று அகத்தேர்வுகள். அவற்றுள் சிறந்த இரண்டின் சராசரி 25க்கு அகமதிப்பெண். எஞ்சிய 75 பருவத்தேர்வுக்கு. மூன்றில் இரண்டைத் தேர்ந்து கூட்டி வகுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் சிவப்பு மையாலும், பின்னர் எக்செல் தாளிலும் செய்துவந்தோம். சிவப்பு மைக் காலத்தில் பிழை நேராமல் இல்லை. ஆனால் அந்தப் பிழைகளுக்கு ஒரு முகம் இருந்தது. அடித்தல் திருத்தல் தெரியும். பார்ப்பவர்க்கு ஐயம் எழும். மாணவர் தாளை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

2015ஆம் ஆண்டுப் புத்தொளிப் பயிற்சி ஒன்றில் சிதம்பரத்துப் புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் நமக்கு நண்பரானார். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். நம்மைத் ‘தமிழய்யா’ என்றுதான் அழைப்பார். ஆர் என்னும் கணினிமொழியை அறிமுகப்படுத்தியவர் அவரே. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது அது. அதற்கு மூத்தது 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் உடனுழைத்தோரும் தொடங்கிய எஸ் என்னும் மொழி. ஆரின் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளியானதாம். நான்காண்டுக்கு ஒருமுறை மட்டுமே பிறந்தநாள் வரும் மொழி என்று நண்பர் சிரிப்பார். விலையின்றிக் கிடைப்பது, யாரும் திறந்து பார்க்கலாம் என்பதெல்லாம் நம்மைக் கவர்ந்தன. உண்மையைச் சொன்னால், தமிழாசிரியர் நிரல் எழுதுகிறார் என்று கல்லூரியில் பெயர் வரும் என்ற ஆசையும் இருந்தது.

நிற்க. 2015 நவம்பரைக் கடலூர் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 2004இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் என்று இடர் கடலிலிருந்தே வருமென்று பழகியிருந்த ஊர், அம்முறை மேற்கிலிருந்து வந்த வெள்ளத்தைக் கண்டது. தீபாவளியை ஒட்டிய நாள்களில் பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடை பெருகி வீடுகளையும் மனிதர்களையும் அடித்துச் சென்றது. கல்லூரி மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. மூன்றாம் அகத்தேர்வை ஒருவாறு நடத்தி முடித்தபோது வகுப்பில் பல இருக்கைகள் காலி. நாம் சொல்லவந்த மாணவியும் அன்று வரவில்லை. அவர் ஊருக்குப் பேருந்து ஓடவில்லை. முதலிரண்டு தேர்வுகளில் 19ம் 21ம் வாங்கியவர். சிறந்த இரண்டு போதுமென்பதால் இதில் குறையொன்றுமில்லை என்றிருந்தோம்.

அந்தப் பருவத்தில்தான் நமது முதல் நிரலை எழுதினோம். 58 பேர் கொண்ட வகுப்பு. நிரலின் நடை நமது சிவப்பு மையின் நடையேதான்: ஒரு மாணவரை எடு, மூன்று மதிப்பெண்ணையும் பார், முதலாவது சிறியதாயின் மற்ற இரண்டைக் கூட்டு, இரண்டாவது சிறியதாயின் மற்றவற்றைக் கூட்டு, இன்றேல் முதலிரண்டைக் கூட்டு, பாதியாக்கி எழுது, அடுத்த மாணவருக்குப் போ. இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்வதைத் தமிழ்க் கணினி நூல்கள் மடக்கு என்கின்றன. சொல்லணியில் மடக்கு உண்டல்லவா? அங்கே வந்த சொல்லே மீண்டும் வரும்போது பொருள் வேறாக வேண்டும். இங்கே வந்த செயலே மீண்டும் வரும்போது ஆள் வேறாகிறார். பெயர் வைத்தவர் யாராயினும் வாழ்க என்று மகிழ்ந்துகொண்டோம்.

நிரலை முதன்முறை ஓட்டியபோது சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தது. ஓர் எண்ணை மாற்றினோம். செய்தி மறைந்தது. 58 அகமதிப்பெண்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் திரையில் வந்து நின்றன. பட்டியலை அச்சிட்டு ஒட்டினோம். மாணவர்கள் வழக்கம்போல் தத்தம் மதிப்பெண்ணுக்கு நேரே கையெழுத்திட்டார்கள். பட்டியல் தேர்வுப் பிரிவுக்குச் சென்றது.

2016 பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று சிதம்பரம் சென்றோம். கடலூரிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பேருந்து விரைந்தால் ஒன்றேகால் மணி நேரம். நண்பரின் வீடு தெற்கு வீதிக்கு அருகில். சம்பா சாதமும் கொத்சும் உண்டபின் நமது பென்டிரைவை அவர் மடிக்கணினியில் செருகி, நிரலைப் பெருமையோடு காட்டினோம். முப்பது வரிக்குமேல் இருக்கும். அவர் மெல்லப் படித்தார். பிறகு கேட்டார்:

“தமிழய்யா, வகுப்புக்குள்ள போய் ‘எல்லாரும் உக்காருங்க’ன்னு சொல்லுவீங்களா, இல்ல ஒவ்வொரு பேரா கூப்பிட்டு உக்காரச் சொல்லுவீங்களா?”

“எல்லாரையுந்தான், சார்.”

“அப்ப இதையும் எல்லாருக்குமாச் சொல்லுங்களேன்.”

அவர் விளக்கியது இது. ஆரில் முதல் தேர்வின் மதிப்பெண்கள் என்பவை 58 தனித்தனி எண்கள் அல்ல, ஒரே பொருள். அதை வெக்டர் என்கிறார்கள். பள்ளிக் கணக்கில் வரும் அம்புக்குறியிட்ட வெக்டர் என்று மிரள வேண்டாம். இது வெறும் வரிசை. முதல் தேர்வு ஒரு வரிசை, இரண்டாம் தேர்வு ஒரு வரிசை, மூன்றாம் தேர்வு ஒரு வரிசை. இரண்டு வரிசைகளுக்கிடையே கூட்டல் குறி இட்டால் முதலோடு முதலும் இரண்டாவதோடு இரண்டாவதுமாக 58 கூட்டல்களும் தாமே நடந்து புதியதொரு வரிசை கிடைக்கும். மடக்கு வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம், ‘அடுத்தவருக்குப் போ’ வேண்டாம். இதற்கென்று மொழிக்குள்ளேயே கட்டிவைத்த செயற்கூறுகள் இருக்கின்றன. கூட்டுத்தொகைக்கு ஒன்று, பல வரிசைகளை ஒப்பிட்டு ஒவ்வோர் இடத்திலும் சிறியதைப் பொறுக்குவதற்கு ‘பிமின்’, அடுக்கடுக்காகக் கூட்டிச் செல்ல ஒன்று, ஒரு அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரியையும் கூட்ட ‘ரோசம்ஸ்’. (கடைசிப் பெயர் நம் காதில் ரோசம் என்றே விழுந்தது. அன்றைய நம் நிலைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.)

“சிறந்த ரெண்டுன்னா என்ன? மூணையும் கூட்டு, சின்னதைக் கழி. அவ்வளவுதானே?” என்று நமது முப்பது வரியை அழித்துவிட்டு ஒரே வரி எழுதினார். மூன்று வரிசைகளின் கூட்டல், அதிலிருந்து பிமின் தரும் வரிசையின் கழித்தல், இரண்டால் வகுத்தல்.

நமக்கு முதலிற்பட்டது வெட்கமன்று. இதை எங்கோ படித்திருக்கிறோம் என்பதுதான். எழுந்து நின்று, “சார், இது நிரல்நிறை!” என்றோம்.

அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. இலக்கிய அன்பர்களுக்கு வேண்டியதில்லை. பெயர்களை ஒரு வரிசையாக வைத்து, அவை கொள்ளும் பயனிலைகளை இன்னொரு வரிசையாக வைத்து, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் படிப்பவரே கூட்டிக்கொள்ளும்படி விடுவது நிரல்நிறை. தொல்காப்பியம் எச்சவியலில் கூறும் நான்கு பொருள்கோள்களில் ஒன்று. நன்னூலின் எட்டிலும் ஒன்று. தண்டியலங்காரம் அதை அணியாகவே வைக்கிறது. இல்வாழ்க்கை அதிகாரத்து 45ஆம் குறளில் அன்புக்குப் பண்பையும் அறத்துக்குப் பயனையும் பொருத்தி உரை காண்பது இம்முறையால்தான். ‘ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்’ என்று வள்ளுவரிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டு வரிசைகளும் அருகருகே நின்றால் போதும். இணைப்பு நம் மொழியறிவுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது.

நண்பர் விடவில்லை. “சரி, எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் கருணையாப் போடணும்னா? வரிசையோட ஒண்ணுங்கிற ஒத்தை எண்ணைக் கூட்டினாப் போதும். அந்த ஒண்ணு அம்பத்தெட்டு பேருக்கும் போய்ச் சேந்துடும். அதுக்கு உங்ககிட்ட பேரு இருக்கா?”

இருந்தது. தீவகம். ஓரிடத்தில் நிற்கும் ஒரு சொல், வீட்டில் ஓரிடத்தில் ஏற்றிவைத்த விளக்கைப்போலப் பாட்டின் பல இடத்துக்கும் சென்று பொருள் தருவது. அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எம்.ஏ. முடித்து இத்தனை ஆண்டுகளில் அணியிலக்கணம் கற்றதற்காக ஒரு புள்ளியியலாரிடம் பாராட்டு வாங்கியது அன்றொரு நாள்தான். கென்னத் ஐவர்சன் என்பவர் எண்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் வரிசைகளாகவே பேசும் குறியீட்டை வகுத்து 1962இல் நூலாக்கினார் என்றும், 1979இல் டூரிங் விருது பெற்றபோது தம் உரைக்குக் ‘குறியீடு, சிந்தனையின் கருவி’ என்று பொருள்படத் தலைப்பிட்டார் என்றும் நண்பர் சொன்னார். நம்முடைய பொருள்கோள் இயலுக்கும் அந்தத் தலைப்பு பொருந்துமே என்று தோன்றியது.

இவ்வளவு களிப்புக்கு நடுவில் அவர் தம் போக்கில் ஒரு வேலை செய்தார். “உங்க விடையும் என் விடையும் ஒண்ணுதானான்னு பாத்துடுவோம்” என்று, நமது பழைய வரிசைக்கும் தம் புதிய வரிசைக்கும் நடுவே சமமின்மைக் குறியை இட்டு, வேறுபடும் இடங்களைக் கேட்டார். 58 ஒப்பீடுகள் ஒரே கேள்வியில். இரண்டும் ஒன்றாயிருந்தால் விடை வெறுமையாக வந்திருக்க வேண்டும்.

திரையில் ஒரே ஓர் எண் வந்தது: 1.

முதல் மாணவர். புதிய வரிசையில் 20. நமது வரிசையில் 0.

எப்படி நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எக்செல் தாளில் முதல் வரி தலைப்பு. முதல் மாணவர் இரண்டாம் வரியில் இருப்பார். கடைசி மாணவர் 59ஆம் வரியில். அந்தப் பழக்கத்தில் மடக்கை 2 முதல் 59 வரை என்று எழுதியிருந்தோம். ஆரோ தலைப்பு வரியைத் தனியே எடுத்துவிட்டு முதல் மாணவரையே முதல் வரியாகக் கொள்கிறது. 59ஆம் வரி இல்லையென்று அது பிழைச்செய்தி தந்தபோது, நாம் 59ஐ 58 ஆக்கினோம். 2ஐ அப்படியே விட்டுவிட்டோம். விடைகளை இட்டுவைக்க முன்கூட்டியே 58 சுழிகள் கொண்ட வரிசையைச் செய்திருந்தோம். முதல் சுழியை யாரும் தொடவே இல்லை. அது அப்படியே மதிப்பெண்ணாயிற்று. சுழிக்குப் பதில் ‘மதிப்பில்லை’ என்னும் குறியை இட்டு வைத்திருந்தாலும் பட்டியலில் ஓட்டை தெரிந்திருக்கும். சுழி எண்ணல்லவா? எண்போலவே வந்து நின்றது.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு குவளை காபி கொண்டுவரச் சொன்னார். நாம் குடிக்காமலே கிளம்பினோம்.

மறுநாள் தேர்வுப் பிரிவில் பட்டியலின் படியை வாங்கிப் பார்த்தோம். முதல் வரியில் 0. அதன் நேரே அவருடைய கையெழுத்து, அழகாக, முழுப்பெயரும் தெளிவாக. முடிவுகள் ஏற்கெனவே வெளிவந்திருந்தன. பருவத்தேர்வில் 75க்கு 37 வாங்கியிருந்தார். 20ஐச் சேர்த்தால் 57, தேர்ச்சி. சேர்க்காததால் 40க்கு மூன்று குறைவு. பகுதி 1 தமிழில் அரியர். அதற்குக் கட்டணமும் கட்டிவிட்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் நிறுத்தி நடந்ததைச் சொன்னோம். தவறு நம்முடையது என்பதையும் சொன்னோம். அவர் சங்கடப்பட்டார், ஆசிரியர் தம்மிடம் இப்படிப் பேசுவதே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

“மழையில வரலல்ல சார், அதனாலதான்னு நெனச்சேன்.”

“மத்த ரெண்டும் நல்லா எழுதியிருந்தியேம்மா. வந்து கேட்டிருக்கலாமே?”

“கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு சொன்னாங்க சார். அதுல தப்பு வரும்னு தோணல.”

விண்ணப்பம், துறைத்தலைவர் குறிப்பு, முதல்வர் கையெழுத்து என்று இரண்டு மாதம் ஓடி மதிப்பெண் திருத்தப்பட்டது. கட்டிய கட்டணம் திரும்ப வரவில்லை. நாம் கொடுக்க முயன்றதை அவர் வாங்கவில்லை.

ஆரை ஒழுங்காகக் கற்கத் தொடங்கியது அதன்பின்தான். பெயர் வாங்கும் ஆசை அந்தத் தாழ்வாரத்தில் போயிற்று.

கற்றதில் முதலாவது: மடக்கு எங்கும் போய்விடுவதில்லை. இரண்டு வரிசைகளைக் கூட்டு என்று நாம் சொல்லும்போது உள்ளே சி மொழியில் எழுதப்பட்ட மடக்கு ஒன்று ஓடத்தான் செய்கிறது. அதை எழுதியவர் எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதை ஒருமுறை சரியாக எழுதிவைத்தார். அதற்குப் பின் உலகெங்கும் எத்தனையோ பேர் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். நமது மடக்கை ஓட்டிப் பார்த்தவர் நாம் ஒருவர்தான். வேகத்தைக் காரணம் காட்டி மடக்கைப் பழிப்பவர்கள் உண்டு. முன்பு அதில் நியாயமும் இருந்தது. 2017இல் வந்த 3.4.0 பதிப்பு முதல் ஆர் மடக்குகளையும் முன்கூட்டியே தொகுத்து ஓட்டுவதால் வேறுபாடு குறைந்துவிட்டது. 58 மாணவர்க்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல. நம்மைப் பொறுத்தவரை வழக்கு வேறு: எழுதாத எண் தவறாகாது. 2 என்ற எண்ணை எழுதும் தேவையே இல்லாத நிரலில் அந்தத் தவறு நுழைய இடமில்லை.

பேட்ரிக் பர்ன்ஸ் என்பவர் 2011இல் ஆரின் பொறிகளைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். தாந்தேயின் நரக வட்டங்களைப் பின்பற்றிப் பாவிகளை அடுக்கியிருக்கிறார். விடைகளைச் சிறிது சிறிதாக ஒட்டி வளர்ப்பவர்கள் இரண்டாம் வட்டத்தில். வரிசையாகச் சிந்திக்கத் தவறியவர்கள் மூன்றாம் வட்டத்தில். இரண்டுக்கும் உரியவராக நாம் இருந்தோம். குறளின் எழுத்துகளை எண்ண ஆசைப்பட்டு 1330 குறளையும் மடக்கில் இட்டு, ஒவ்வொரு விடை கிடைத்ததும் பழைய விடைகளின் வாலில் ஒட்டிக்கொண்டே போனோம். ஒட்டும்போதெல்லாம் ஆர் பழைய வரிசை முழுவதையும் புதிய இடத்தில் படியெடுத்து அதன்பின்னரே புதியதைச் சேர்க்கிறது. ஒரு பாட்டைச் சேர்ப்பதற்காக ஏட்டுச்சுவடி முழுவதையும் முதலிலிருந்து எழுதுகிற ஏடெழுதியை எண்ணிப் பாருங்கள். 1330 முடிவதற்குள் ஏறத்தாழ 8,85,000 முறை எடுத்து வைத்தாகிறது. கணினி முணுமுணுப்பதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

வரிசையாகக் கேட்டபோது ஒரே கேள்வியில் 1330 விடைகள் வந்தன. ஆனால் விடைகள் தவறு! ‘சிதம்பரம்’ என்று கேட்டால் 9 எழுத்து என்கிறது. நாம் எண்ணினால் 6. யூனிகோடில் சகரமும் இகரக் குறியும் வெவ்வேறு. மகரமும் புள்ளியும் வெவ்வேறு. கணினிக்கு மெய்யின்மேல் ஏறிய புள்ளி இன்னோர் எழுத்து. எனவே குறிகளையும் புள்ளிகளையும் நீக்கிவிட்டு எண்ண வேண்டும். அதையும் 1330 குறளுக்கும் சேர்த்து ஒரே வரியில் சொல்லலாம். 1967 முதல் 1970 வரை பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பழந்தமிழ் நூல்களுக்குச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பதிந்த கைகளை நினைத்துக்கொள்வோம். அவர்கள் ‘ம்’ என்பதை இரண்டாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஒட்டுமொத்தமாகக் கேட்கும்போது விடை சரியாயிருப்பது போலவே தவறும் ஒட்டுமொத்தமாக வந்துவிடுகிறது.

இதைச் சொல்லாமல் விட்டால் நண்பர் கோபிப்பார். மடக்கை விட்டொழித்தால் பிழை ஒழிந்தது என்று நாம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலத்தில் அவர்தாம் நம்மை உட்காரவைத்து இரண்டு பொறிகளைக் காட்டினார்.

ஒன்று, நிரல்நிறையில் வரிசைகளின் நீளம் ஒவ்வாதபோது. புலவன் மூன்று பெயரும் இரண்டு பயனிலையும் வைத்தால் படிப்பவர் உடனே தடுமாறுவார். ஆர் தடுமாறாது. குறுகிய வரிசை தீர்ந்ததும் அதை மறுபடி முதலிலிருந்து எடுத்து நீட்டிக்கொள்ளும். 58 பேருக்கு 30 எண்கள் கொடுத்தால் எச்சரிக்கையாவது தரும். 29 கொடுத்தால், சரிபாதி என்பதால் அந்த எச்சரிக்கையும் இல்லை. முதல் மாணவரின் எண் சத்தமின்றி முப்பதாவது மாணவருக்கும் போய்விடும். தீவகத்துக்காக வைத்த வசதி இப்படியும் எரிகிறது.

மற்றொன்று, வராதவரின் மதிப்பெண். இதைத்தான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறோம். தேர்வுக்கு வராதவருக்கு என்ன எழுதுவது? நாம் 0 என்று இட்டிருந்தோம். அது முறையன்று, ‘மதிப்பில்லை’ என்ற குறியே முறை என்று பிறகு கற்றோம். சரி, அந்த மாணவியின் வரியையே எடுத்துக்கொள்வோம்: 19, 21, மதிப்பில்லை. மூன்றையும் கூட்டிச் சிறியதைக் கழிக்கச் சொன்னால் ஆர் ‘மதிப்பில்லை’ என்று கைவிரிக்கும்; அறியாததைக் கூட்டினால் அறியாததே வரும் என்பது அதன் நியாயம். இல்லாததை ஒதுக்கிவிட்டுச் செய் என்று சொன்னால் 19ஐயும் 21ஐயும் கூட்டி 40 என்னும், பிறகு சிறியதாகிய 19ஐக் கழித்து 21 என்னும், பாதி 10.5. நன்றாக எழுதிய தேர்வொன்று காணாமற் போகிறது. சுழியை இட்டால்தான் சுழியே சிறியதாகிக் கழிந்து, 40இல் பாதி 20 வருகிறது. ஆக, அவர் வராத நாளுக்குச் சுழி இடுவது இந்தக் கணக்கில் அவருக்கு நன்மை; அவர் பெற்ற மொத்தத்தின் இடத்தில் நாம் விட்ட சுழி அவருக்குக் கேடு. செயற்கூறு மூன்று விடைகளையும் ஒரே வேகத்தில், ஒரே முகத்தோடு தரும். மழையில் பேருந்து ஓடாததை எந்தச் சுழியாகக் கொள்வது என்பது அதன் வேலை அன்று.

பின்னொரு முறை அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது நண்பர் எஸ்.எஸ். பிள்ளையைப் பற்றிச் சொன்னார். செங்கோட்டைப் பக்கத்து வல்லத்தில் 1901இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் தொடங்கிய 1929 முதல் 1941 வரை அங்கே கணிதம் கற்பித்தவர். 1950இல் அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தவர். எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்கள் எழுபத்து மூன்றுக்கு மேற்படாமல் கூட்டிப் பெறலாம் என்று 1940இல் நிறுவியவர் அவர். ஆறாம் அடுக்கு என்றால் 1, பிறகு 64, பிறகு 729. 703ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும் வேண்டும், ஆக 73. அதைவிடக் குறைத்து முடியாது. எந்த எண்ணுக்கும் அதைவிட மிகுதியும் வேண்டாம். எண்களுக்கு முடிவில்லை என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்பவர் ஊழிக்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். “எல்லா எண்ணையும் ஒரேயடியா நிக்க வச்சுப் பேசியிருக்காரு பாருங்க, கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல, இதே ஊர்ல இருந்துகிட்டு” என்றார் நண்பர். நாம் தமிழ்த்துறையின் வரலாற்றை மட்டும் அறிந்து இத்தனை முறை அந்த வளாகத்தைக் கடந்திருக்கிறோம்.

நண்பர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வீராணம் ஏரியின் நீர்மட்டத்தைப் பொழுதுபோக்காகக் கணக்கிட்டு வருகிறார். அண்மையில் தாம் எழுதிய நிரலை நமக்கு அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தால் நடுவில் ஒரு மடக்கு! உடனே தொலைபேசியில் அழைத்து, “சார், நீங்களா?” என்றோம்.

“என்ன செய்றது தமிழய்யா? ஏரிக்கு நாப்பத்தேழரை அடிக்கு மேல நிக்காது. நேத்து நிரம்பி வழிஞ்சிருந்தா இன்னிக்கு வர்ற தண்ணி சேராது. நேத்து குறைஞ்சிருந்தா சேரும். சும்மா வரிசையாக் கூட்டிகிட்டே போனா ஏரி அறுவது அடிக்குப் போயிடும். நேத்தைத் தெரிஞ்சுக்காம இன்னிக்கு தெரியாது. அதை ஒவ்வொரு நாளாத்தான் கேக்கணும்.”

மடக்கு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பார்த்தோம். 2 என்றிருந்தது. ஏன் என்று கேட்டோம்.

“மொத நாள் மட்டம் கையில அளந்தது. அதுக்கு முன்னாடி நாள் இல்லையே” என்றார். மேலே ஒரு வரியில் முதல் நாளின் அளவைத் தனியே எழுதி வைத்திருந்தார்.